நான் கையெழுத்திட்ட படிவம்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே,



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் உங்களோடு கைகுலுக்கி நின்றபோது, நம் சபைத் தாயார் ஒருவர் கூட்டம் கலையும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பை முடித்திருக்கும் அவருடைய மகளும் உடன் நின்றாள். "ஐயா, பள்ளிக்கூடத்துல கணக்குக்கு ஸ்டாண்டர்டா, பேசிக்கான்னு எழுதிக் கேட்டிருக்காங்க. இவ பேசிக் போதும்ங்கிறா. இவங்க அப்பா கூடவே கூடாதுங்கிறாங்க. நீங்க ஜெபம் பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். ஜெபித்தேன். வார்த்தை சொல்லவில்லை. இந்த வாரச் சிந்தனையில் எழுதுகிறேன், வாசியுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லுமுன், இதே காரியத்தில் நான் செய்த ஒன்றை உங்கள் எல்லாருக்கும் முன்பாக வைக்கவேண்டும் என்று என் மனச்சாட்சி என்னை நெருக்கியது.

பெரியவர்கள் பலருக்கு அந்தத் தாயார் கேட்ட கேள்வியே விளங்காது. ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சி.பி.எஸ்.இ. வாரியம் 2019-20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு இரண்டு விதமான வினாத்தாள்களை வைத்திருக்கிறது. ஒன்று ஸ்டாண்டர்டு, மற்றொன்று பேசிக். 2020 மார்ச் மாதப் பொதுத்தேர்வில்தான் பிள்ளைகள் முதன்முதலாக இப்படிப் பிரிந்து எழுதினார்கள். பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே. பாடப்புத்தகமும் ஒன்றே. ஒரே வகுப்பறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பெஞ்சில் அமர்ந்து கற்கிறார்கள். இரண்டு தாளுக்கும் மூன்று மணி நேரம், 80 மதிப்பெண். பள்ளி அளிக்கும் அகமதிப்பீடு 20. தேர்வுக்கூடத்தில் கையில் வரும் தாள் மட்டுமே வேறு.

வேறுபாடு கேள்வியின் ஆழத்தில் இருக்கிறது. வாரியம் வெளியிடும் வினாத்தாள் வடிவமைப்பைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். பேசிக் தாளில் 80க்கு 60 மதிப்பெண், கற்றதை நினைவில் வைத்திருப்பதற்கும் புரிந்துகொண்டதற்கும் உரியது. ஸ்டாண்டர்டு தாளில் அதற்கு 43 மதிப்பெண்தான். மீதியைப் பெற, கற்றதைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கவும், பகுத்தாராயவும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் எளிதாக விளங்கும். கூட்டுத்தொடர் என்றொரு பாடம். முதல் எண் 3, ஒவ்வொரு முறையும் 5 கூடுகிறது. பத்தாவது எண் என்ன என்று கேட்டால், சூத்திரம் தெரிந்த பிள்ளை 48 என்று எழுதிவிடும். அதே பாடத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 200 மரத்தடிகளை அடுக்குகிறார்கள். அடிவரிசையில் 20, அதற்கு மேல் 19, அதற்கு மேல் 18. இப்படியே போனால் மொத்தம் எத்தனை வரிசை? இங்கே சூத்திரம் இருபடிச் சமன்பாட்டில் கொண்டுபோய் விடும். அது 16 என்றும் சொல்லும், 25 என்றும் சொல்லும். இரண்டில் எது மெய் என்பதைச் சூத்திரம் சொல்லாது. பிள்ளைதான் மரத்தடிகளைக் கண்முன் கொண்டுவந்து பார்க்கவேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சபைப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் மாநிலப் பாடத்திட்டத்தில் படிப்பவர்கள். அங்கே இப்படி இரண்டு தாள் கிடையாது. ஆனாலும் அந்த ஒரே தாளுக்குள் ஏறுவதற்குப் பல படிகள் உண்டு என்பதை அந்தப் பெற்றோர் அறிவார்கள். 100 மதிப்பெண்ணில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசியில் வடிவியல் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8. கணக்கு வராத பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்து, ஜியாமெட்ரியையும் கிராஃபையும் திரும்பத் திரும்ப வரையவைக்கும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். 14ம் 16ம் சேர்ந்தால் 30. தேர்ச்சிக்கு வேண்டியது 35. அந்த ஐந்து மதிப்பெண்ணுக்காக மார்ச் மாத வெயிலில் பிள்ளையோடு பிள்ளையாகக் காய்ந்துபோகும் அந்த ஆசிரியர்களுக்காக நாம் ஒரு ஞாயிறாவது பேர் சொல்லி ஜெபித்ததுண்டா என்று தெரியவில்லை. அது இருக்கட்டும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலத்தில் பேசிக், ஸ்டாண்டர்டு என்ற சொற்கள் இல்லை. ஆனால் ஏற்றத்தாழ்வு இருந்தது. எங்கள் கிராமத்துப் பள்ளியில் மாநிலப் பாடத்திட்டம், மொத்தம் 500 மதிப்பெண். பட்டணத்தில் படித்த என் சித்தப்பா மகனுக்கு மெட்ரிகுலேஷன், மொத்தம் 1100 மதிப்பெண். கணிதத்துக்கே அவனுக்கு இரண்டு தாள். விடுமுறைக்கு வந்தால் அவனுடைய கணக்குப் புத்தகத்தைத் தொட்டுப் பார்ப்போம். 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் சமச்சீர் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அந்த வேறுபாடு ஒழிந்தது என்று நான் மகிழ்ந்தேன். பிரசங்கத்திலும் சொன்னேன். அதே நான், என் மகள் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, சபையில் வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பார்த்து, அவளைச் சி.பி.எஸ்.இ. பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் நான் பெற்றது 43. மதிப்பெண் பட்டியலை என் தகப்பனார் கையில் கொடுத்தேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்துவிட்டு, "பாஸுதானே?" என்றார். "ஆமாப்பா." மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. இன்னார் மகன் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

என் இளைய மகளைப் பற்றி இனி எழுதப்போவதை அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னாள்; எடுத்துவிட்டேன்.

2022ஆம் ஆண்டு, அவள் பத்தாம் வகுப்புக்குப் போனவுடன் அந்தப் படிவத்தைக் கொண்டுவந்தாள். பேசிக் என்ற கட்டத்தில் பென்சிலால் மெல்லிய ஒரு குறி இட்டிருந்தாள். பேனாவால் அல்ல, நான் அழித்துவிடலாம் என்று அவளுக்கே தெரிந்திருக்கிறது. "அப்பா, எனக்கு மேற்கொண்டு கணக்கு வேண்டாம். வரலாறு எடுத்துப் படிக்கணும். பேசிக் எழுதிக்கிறேனே" என்றாள். அவளுடைய கணித ஆசிரியையும் அதையே பரிந்துரைத்திருந்தார். மகளுடைய மனமும் ஆசிரியையின் அனுபவமும் ஒன்றாகச் சொன்ன ஒரு காரியத்தை நான் மறுப்பதற்கு என்ன காரணம் இருந்தது?

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மதிப்பெண் சான்றிதழில் கணிதம் பேசிக் என்றே அச்சாகும். அதை யாராவது பார்ப்பார்கள். போதகர் மகள் பேசிக்காம் என்று பேசுவார்கள். கமிட்டி அங்கத்தினர் ஒருவருடைய மகன் அதே வகுப்பில் ஸ்டாண்டர்டு எழுதுகிறான். இவ்வளவுதான். இதற்குமேல் என்னிடம் ஒரு காரணமும் இருக்கவில்லை. ஆனால் அவளிடம் சொன்னது வேறு. "விசுவாசம் வேண்டும் அம்மா. பெலவீனத்தில் தேவ பெலன் பூரணமாக விளங்கும்" என்று சொன்னேன். பென்சில் குறியை அழித்தேன். ஸ்டாண்டர்டு என்ற கட்டத்தில் என் பேனாவால் குறியிட்டு, கையெழுத்திட்டேன். ஐம்பது வயதைக் கடந்தவன், இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்றவன், வேத வசனத்தை எதற்குப் பயன்படுத்தினேன் பாருங்கள்.

அந்த ஆண்டு எங்கள் வீட்டில் எப்படிக் கழிந்தது என்பதை அவளுடைய அம்மா அறிவாள். தனிப்பயிற்சிக்கு அனுப்பினோம். இரவு பத்து மணிவரை சாப்பாட்டு மேசையில் அவளும் புத்தகமும். ஒருநாள் அந்த மரத்தடிக் கணக்கோடு என்னிடம் வந்தாள். "அப்பா, இது 16ன்னும் வருது, 25ன்னும் வருது. எது சரி?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "வகுப்பில் கவனித்திருந்தால் தெரியும்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கணக்குக் கேட்கவே இல்லை. பாடகர் குழு ஒத்திகைக்கும் போவதை நிறுத்தினாள். பள்ளியில் வைத்த முதல் மாதிரித் தேர்வில் 80க்கு 14, அடுத்ததில் 17. இரண்டு விடைத்தாள்களையும் ஆர்மோனியப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். தூசி தட்டும்போது அவளுடைய அம்மாதான் எடுத்தாள். எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டேன். "சொன்னா நீங்க அவளுக்கு இன்னொரு வசனம் சொல்லுவீங்க" என்றாள்.

பிப்ரவரி மாதத்தில் நம் ஆலயத்தில் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக விசேஷித்த ஜெபம் வைப்பது நம் வழக்கம். பிள்ளைகள் பேனாக்களையும் நுழைவுச்சீட்டுகளையும் கொண்டுவந்து பீடத்துக்கு முன்பாக வைப்பார்கள். அந்த ஆண்டு நான் எடுத்த தியான வசனம் 1 கொரிந்தியர் 10:13. மனுஷருடைய திராணிக்கு மிஞ்சிய சோதனையைத் தேவன் அனுமதிக்கமாட்டார், தப்பிக்கொள்ளும் வழியையும் அவரே உண்டாக்குவார் என்ற பொருளுள்ள, நாம் எல்லாரும் மனப்பாடமாக அறிந்த வசனம். பவுல் அங்கே பள்ளித் தேர்வைப் பற்றிப் பேசவில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்துபோனதைச் சுட்டிக்காட்டிக் கொரிந்து சபையை எச்சரிக்கிறார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் அதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தேன், அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதால். அன்று முதல் வரிசையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். திராணி என்ற சொல்லை நான் மூன்று நான்கு முறை அழுத்திச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. தேவன் எதற்கு இடங்கொடுக்கமாட்டார் என்று நான் பிரசங்கித்தேனோ, அதற்கு நானே என் பேனாவால் இடங்கொடுத்திருந்தேன்.

தேர்வன்று காலையில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். 38 வினாக்களில் 20 வினாக்கள் ஒரு மதிப்பெண் வினாக்கள். அவற்றில் விடையைத் தேர்ந்து குறித்ததற்குமேல் அதிகம் எழுத முடியவில்லை என்று பின்னர் சொன்னாள். மே மாதம் முடிவு வந்தது. மற்ற நான்கு பாடங்களிலும் நல்ல மதிப்பெண், கணக்கில் தேறவில்லை.

ஜூன் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தேறிய பிள்ளைகளை முன்னால் அழைத்து, மதிப்பெண்ணை வாசித்து, முதல் மூன்று பேருக்குக் கேடயம் கொடுப்போம். இந்த வழக்கத்தை நம் சபையில் தொடங்கியவனே நான்தான். செயலாளர் பட்டியலைக் கொண்டுவந்து தந்தார். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினீர்கள். என் மகள் அன்று தலைவலி என்று சொல்லிக் குருமனையிலேயே இருந்தாள். பாதிப் பட்டியலில் என் குரல் நின்றுபோனது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். சந்தோஷத்தில் ஐயருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தவர்கள் இருந்தீர்கள். ஆராதனைக்குப் பிறகு மூத்த தாயார் ஒருவர் என் அங்கியைத் தொட்டு, "ஐயா, நம்ம பாப்பா பேரை வாசிக்கலியே, மறந்துட்டீங்களா?" என்று கேட்டார். அவர் ஒன்றும் அறியாமல் கேட்டார். நான் ஏதோ சொல்லி நழுவினேன்.

குருமனை வாசலை மிதிக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. எத்தனை ஆண்டுகளாக இந்தப் பட்டியலை வாசித்துவருகிறேன்! ஒவ்வொரு ஆண்டும் எத்தனை பிள்ளைகளுக்குத் தலைவலி வந்திருக்கும்? எந்தெந்த வீடுகளில்? ஒரு போதகனாக நான் அந்த ஞாயிறுகளில் அந்த வீடுகளுக்குப் போனதில்லை. கேடயம் வாங்கியவர்கள் வீட்டு விருந்துக்குத்தான் போயிருக்கிறேன்.

அந்த வாரத்தில் மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். தாலந்துகளின் உவமையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரு தாலந்தைப் புதைத்தவனைத் திட்டுவதற்காக. இந்த முறை 15ஆம் வசனத்திலேயே நின்றுவிட்டேன். எஜமான் ஐந்தையும் இரண்டையும் ஒன்றையும் கண்மூடிக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவனுடைய திறமையையும் அறிந்து, அதற்கு ஏற்றபடி கொடுத்தான் என்று இருக்கிறது. அந்தத் திறமைக்கு மூலமொழியில் உள்ள சொல் டுனாமிஸ். கொரிந்தியருக்கு எழுதின வசனத்தில் நம் வேதாகமம் திராணி என்று சொல்லும் இடத்தில் இருப்பதும் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல்தான். கல்லூரியில் கிரேக்க வகுப்பில் இதைக் குறித்து வைத்ததாக நினைவு. குறிப்பேட்டிலிருந்து வாழ்க்கைக்கு வந்துசேர அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

இரண்டு தாலந்து வாங்கினவனைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஐந்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் அவன் காணாமல் போகிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் பணம் பெறும். திராட்சத்தோட்டத்து வேலையாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம்தான் கூலி என்று மத்தேயு 20இல் வாசிக்கிறோம். கணக்கில் 43 வாங்கிய நானே இதைக் கணக்கிட்டுவிடலாம்: ஒரு தாலந்து இருபது ஆண்டுக் கூலி, இரண்டு தாலந்து நாற்பது ஆண்டுக் கூலி. ஒரு மனிதனின் ஆயுட்கால உழைப்பு அவன் கையில் இருந்தது. அவன் ஐந்து தாலந்துக்காரனைப் பார்த்து ஏங்கியதாகவோ, எனக்கும் ஐந்து கொடு என்று கேட்டதாகவோ வேதத்தில் இல்லை. எஜமான் திரும்பி வந்தபோது அவனுக்குச் சொன்ன பாராட்டையும், ஐந்து தாலந்துக்காரனுக்குச் சொன்ன பாராட்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 21ஆம் வசனமும் 23ஆம் வசனமும். சொல்லுக்குச் சொல் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த எஜமான் நம் ஜூன் மாதப் பட்டியலை எப்படி வாசித்திருப்பார் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன்.

இதை வாசித்துவிட்டு, அப்படியானால் எல்லாரும் எளிய தாளையே எழுதலாம் என்று போதகர் சொல்லிவிட்டார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நேர்மாறான ஒன்றும் நம் சபையிலேயே நடந்தது. சுமை தூக்கும் ஒரு சகோதரருடைய மகன். கணக்கு என்றால் அவனுக்குத் தின்பண்டம். அவன் படித்த பள்ளியில், தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடும் என்ற பயத்தில், அரையாண்டில் குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளைகளையெல்லாம் அடுத்த ஆண்டு பேசிக் எழுத வைத்துவிட முடிவுசெய்தார்கள். இவன் மஞ்சள்காமாலையில் மூன்று வாரம் படுத்திருந்ததால் அந்தத் தேர்வில் குறைவு. தகப்பனார் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பேசிக் எழுதித் தேறியவர்கள் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுக்க விரும்பினால், துணைத்தேர்வில் ஸ்டாண்டர்டு தாளை எழுதித் தேறவேண்டும் என்பதே வாரியம் முதலில் வகுத்த விதி. கொரோனாக் காலத்திலிருந்து அதில் தளர்வுகள் கிடைத்துவந்தன என்றாலும், தளர்வை நம்பி ஒரு பிள்ளையின் வழியை அடைக்கலாமா? பையன் என்னிடம் வந்து அழுதான். நானும் தகப்பனாரும் பள்ளிக்குப் போய்ப் பேசினோம். தேர்வர் பட்டியல் வாரியத்துக்குப் போவதற்கு முன்பாக இருந்ததால் மாற்றித் தந்தார்கள். என் வீட்டில் நான் செய்ததும் அங்கே அவர்கள் செய்ததும் எதிரெதிர்த் திசையில் இருந்தாலும், அந்த அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவை ஒன்றாகவே தெரிந்தன. இரண்டு இடத்திலும் பெரியவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கள் பெயரைப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் குடியேறிய நம் சபைக் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்திருந்தபோது அங்குள்ள முறையைச் சொன்னார்கள். அங்கே ஜி.சி.எஸ்.இ. கணிதத்திலும் இரண்டு நிலைகள். கடினமான நிலையை எழுதினால் 9ஆம் கிரேடுவரை பெறலாம். எளிய நிலையை எழுதுபவர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் 5க்கு மேல் போக முடியாது. நம் நாட்டுப் பேசிக் தாளில் அந்தக் கூரை இல்லை. முழு மதிப்பெண்ணும் பெறலாம். இதைக் கேட்டபோது நம்முடைய முறையை வகுத்தவர்கள் பிள்ளைகள்மேல் கொஞ்சம் இரக்கம் வைத்தே வகுத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கூரையைப் போட்டவர்கள் நாம்தான்.

என் மகளுக்கு மீண்டும் வருகிறேன். ஸ்டாண்டர்டு தாளில் தேறாதவர்கள் துணைத்தேர்வில் பேசிக் தாளை எழுதலாம் என்று வாரியத்தின் விதியில் ஓர் இடம் இருந்தது. இந்தமுறை படிவத்தை அவளே நிரப்பினாள், பேனாவால். கையெழுத்து மட்டும் நான் போட்டேன். போடுமுன் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரிப்பா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததுபோல் அழவும் இல்லை. மன்னித்துவிட்டாளா என்று எனக்கு அன்று தெரியாது. பல மாதங்கள் கழித்தும் தெரியாது. பிள்ளைகள் உடனே மன்னித்துவிடவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகை அதிகாரம்தான்.

ஜூலையில் எழுதினாள். தேறினாள். எவ்வளவு என்று இங்கே எழுதப்போவதில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம், மழை பெய்த ஒரு மாலையில், மின்சாரம் போயிருந்தது. மெழுகுவர்த்தி ஏற்ற வந்தவள் தீப்பெட்டியை மேசைமேல் கொட்டினாள். குச்சிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள். அடியில் 6, அதற்கு மேல் 5, பிறகு 4. "அப்பா, அன்னைக்கு ஒரு கணக்குக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள். எனக்கு மறக்குமா? "இதுல ஆறு வரிசைக்கு மேல அடுக்க முடியாது. குச்சி எல்லாம் ஒண்ணொண்ணா குறைஞ்சு தீர்ந்துடும். அது மாதிரி அங்க இருபதுல ஆரம்பிச்சா, இருபத்தொண்ணாவது வரிசையில ஒரு தடியும் இருக்காது. அப்புறம் எப்படி இருபத்தஞ்சு வரிசை? அதனால பதினாறுதான். மேல அஞ்சு தடி இருக்கும்." சொல்லிவிட்டு ஒரு குச்சியை எடுத்து உரசி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஓராண்டு முழுவதும் சாப்பாட்டு மேசையில் பிடிபடாமல் இருந்த கணக்கு அது.

இப்போது அவள் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள்.

வேப்பமரத்தடியில் என்னைக் கேட்ட தாயாருக்கு: அம்மா, உங்கள் மகளிடம் பதினொன்றாம் வகுப்பில் என்ன படிக்க விரும்புகிறாள் என்று கேளுங்கள். கணக்கை வேண்டாம் என்கிறாளா, கணக்கு வகுப்பில் யாராவது சிரித்ததை நினைத்துப் பயப்படுகிறாளா என்றும் விசாரியுங்கள். இரண்டும் ஒன்றல்ல, உவமையில் தாலந்தைப் புதைத்தவன் பயந்துதான் புதைத்தான். வாரியத்தின் இணையதளத்தில் இரண்டு வகைக்கும் மாதிரி வினாத்தாள்கள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை ஸ்டாண்டர்டு தாளையும், அடுத்த சனிக்கிழமை பேசிக் தாளையும் எடுத்து அவள் மூன்று மணி நேரம் எழுதட்டும். நீங்களும் அவளுடைய அப்பாவும் ஆசிரியையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். படிவத்தை அவளே நிரப்பட்டும். அவளுடைய அப்பாவிடம் நான் பேசவேண்டும் என்றால், எந்த நாளும் மாலை ஆறு மணிக்குப் பிறகு வீட்டுக்கு வருகிறேன். அவருக்குச் சொல்ல என்னிடம் வசனம் எதுவும் இல்லை. இந்தக் கதைதான் இருக்கிறது.

சபையார் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு. இம்மாதம் தேர்வு முடிவுகள் வருகின்றன. ஜூன் முதல் ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனை வழக்கம்போல் நடைபெறும். கமிட்டியில் பேசி முடிவுசெய்தபடி, இந்த ஆண்டு முதல் மதிப்பெண் வாசிக்கப்படமாட்டாது; கேடயங்களும் இல்லை. தேர்வு எழுதிய பிள்ளைகள் எல்லாரும், தேறினவர்களும் ஜூலையில் மறுபடி எழுதப்போகிறவர்களும், ஒன்றாக முன்னால் வரவேண்டும். அகரவரிசையில் பெயர் வாசிக்கப்படும். பெயர்களை மே மாதம் கடைசி ஞாயிற்றுக்குள் செயலாளரிடம் கொடுங்கள். மதிப்பெண் பட்டியலின் நகல் தேவையில்லை. யாராவது ஒரு பிள்ளைக்கு அன்று காலையில் தலைவலி வந்தால் எனக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். ஆராதனை முடிந்தவுடன் நான் முதலில் அந்த வீட்டுக்கு வருவேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்